சீமைக்குப் போன கோமளவல்லி

ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கம், தனலெட்சுமி டீச்சர் தைத்துக் கொடுக்காத கல்யாண ரவிக்கை கிடையாது. கல்யாணத்துக்கு மட்டும் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். புருஷன் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். கல்யாணமான மறுவருஷமே காய்ச்சலில் போய்விட்டார். காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்று தனலெட்சுமியின் தாலியை அறுத்தார்கள். ஒரு கையாவது நடுங்குகிறதா என்று அந்த அழுகையிலும் அவர் பார்த்தார். ஒன்றும் நடுங்கவில்லை. வெள்ளைச் சேலையோடு படகேறி இக்கரைக்கு வந்து, தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சராகச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் முப்பத்து நாலாம் வருஷம் சீமையிலிருந்து உறவு வந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரின் ஆரம்பப் பள்ளியும் நம் பள்ளியும் இனித் தோழமைப் பள்ளிகளாம். தலைமையாசிரியர் சந்திரசேகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஊரின் பெயரை அவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக உச்சரித்தார். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாததால் மானம் பிழைத்தது.

அங்கேயிருந்து நீலக்கண் பொம்மை ஒன்று வந்தது. மார்கரெட் என்று பெயர். கூடவே, அதற்குச் சட்டை தைத்த வெள்ளைக்கார டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற படம். ‘நீங்களும் உங்கள் நாட்டு உடையில் ஒரு பொம்மை செய்து, செய்தவர் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். மார்கரெட்டைச் சந்திரசேகரன் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் அதைத் தொடவே இல்லை. தோழமை என்றால் அப்படித்தான் போலும்.

படம் என்றதும் பொம்மையை நானே செய்கிறேன் என்று தனலெட்சுமி முன்வந்தார். அவரை அதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. கல்யாணத்தன்று பிடிக்கலாம் என்றார்கள். மழை கொட்டிக் கெடுத்தது. இப்போது சீமையில் ஒரு சுவரில் தன் முகம் இருக்கப்போகிறது என்று எண்ணி எண்ணி, ஒரு மாதம் உட்கார்ந்து பொம்மை செய்தார். பஞ்சு அடைத்த உடம்பு, பட்டு நூலில் புருவம், ஜரிகைச் சேலை. கோமளவல்லி என்று பெயரும் வைத்தார். உயிர்தான் இல்லை.

பிறகு பள்ளிக்கூடக் கமிட்டி கூடியது. உருப்படியான காரியத்தைக் கெடுக்கக் கமிட்டி என்று ஒன்று எப்போதும் இருக்குமே! தலைவர் சின்னையா, மாட்டுவண்டிக் காண்டிராக்டர். பொம்மையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“சேலை கட்டியிருக்கு, கழுத்து மூளியா இருக்கே. தாலியறுத்தவன்னு வெள்ளைக்காரன் நினைக்க மாட்டானா?”

தாலி என்றால் உருண்டையா சதுரமா என்றுகூடத் தெரியாத வெள்ளைக்காரன் இப்படியெல்லாம் நினைப்பான் என்று கமிட்டி முழுதும் தலையாட்டியது. பொம்மைக்குத் தாலி கட்டுவதென்று முடிவாயிற்று.

“ஆனா டீச்சர் கை படக்கூடாது” என்றார் சின்னையா. “கடல் தாண்டிப் போற மங்கலப் பொருள். தாலியை என் சம்சாரம் கட்டட்டும். படத்துக்கும் அவளே வச்சுக்கிட்டு நிக்கட்டும்.”

ஊசி குத்தி ரத்தம் வந்தபோதெல்லாம் அந்தக் கை ஆகியிருந்தது. படத்துக்குத்தான் ஆகவில்லை. வேலை போய்விடுமே என்று தனலெட்சுமி பொம்மையை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினார்.

படம் பிடிக்கிற நாள் வந்தது; மறுநாள் கப்பல் தபால் மூடுவதற்குள் படமும் பொம்மையும் போய்ச் சேர வேண்டும். படம் பிடிக்கிற சீனர் மூன்றுகால் பெட்டியை முற்றத்தில் நிறுத்தி, “லெக்காஸ், லெக்காஸ்” என்று அவசரப்படுத்தினார். தனலெட்சுமியை வகுப்பறைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தார்கள். தலைவரின் சம்சாரம் குணவதி, சரசரக்கும் பட்டில் வந்து மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்தாள். விரலுக்கு இரண்டு மோதிரம். பொம்மைக் கழுத்தோ சுண்டுவிரல் கனம். கயிறு வழுக்கி வழுக்கி விழுந்தது.

“கொண்டா இங்கே!” யாரும் மெதுவாகச் செய்வதைப் பார்த்தால் சின்னையாவுக்குப் பொறுக்காது. கயிற்றைப் பிடுங்கி, பழக்கதோஷத்தில் மூன்று முடிச்சும் தன் கையாலேயே போட்டுவிட்டார். பொம்மையைப் பெட்டியில் வைக்கும்போது தூவச் சொல்லிப் பெண்பிள்ளைகள் கையில் பூ கொடுத்திருந்தது. முடிச்சைப் பார்த்ததும் அவர்கள் தூவிவிட்டார்கள்.

முற்றம் சிரித்து உருண்டது. குணவதி சிரிக்கவில்லை.

“இருபது வருஷம் குடும்பம் நடத்தினவ முன்னாலேயே இன்னொருத்தி கழுத்துல தாலியா?”

“அது பொம்மை லா!”

“பொம்மையோ பொண்ணோ, என் சக்களத்தியை நான் மடியில வச்சுக்க மாட்டேன். அந்தத் தாலியை அறுங்க, அப்புறம் வந்து நிக்கிறேன்.”

அறுப்பது யார்? அங்கே நின்ற சுமங்கலிகள் எல்லாம் இரண்டடி பின்னால் போனார்கள். சின்னையா தானே அறுத்தால் தன் ஆயுசுக்கு ஆகுமா என்று கயிற்றைத் தொடப் பயந்தார். சந்திரசேகரன் நேரே வகுப்பறைக்கு ஓடி, கத்திரிக்கோலை நீட்டினார்.

“டீச்சர், நீங்கதான் வந்து அறுத்துவிடணும். உங்களுக்கென்ன, உங்களை ஒண்ணும் செய்யாது.”

கட்டுவதற்கு ஆகாத கை அறுப்பதற்கு மட்டும் ஆகுமாம். தனலெட்சுமி கத்திரிக்கோலைக் கையில் வாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

“எனக்கு நாலு பேர் சேர்ந்து அறுத்தாங்க சார். நான் இன்னொருத்திக்கு அறுக்க மாட்டேன். வேணும்னா தூக்கி வச்சுக்கிறேன்.”

சீனர் வெளிச்சம் போகிறது என்று கத்தினார். குணவதி ரிக்‌ஷாவில் ஏறிப் போயே விட்டாள். வேறு எந்தப் பெண்ணும் பொம்மை அருகில் வரவில்லை. கடைசியில் வெள்ளைச் சேலை நடு நாற்காலியில் உட்கார்ந்தது, மடியில் தாலியோடு கோமளவல்லி. கமிட்டி பின்வரிசையில் நிற்க, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சின்னையாவும் அதில் ஒண்டினார். படம் பிடிபட்டது.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. படத்தைப் பள்ளிக்கூட வாசலிலேயே மாட்டியிருக்கிறார்களாம். தாலி என்றால் என்னவென்று ஒரு பாதிரியாரிடம் விசாரித்துக்கொண்ட பிள்ளைகள், கோமளவல்லியின் புருஷன் எங்கே என்று கேட்டிருந்தார்கள். சந்திரசேகரன் என்ன எழுதுவதென்று கமிட்டி நடுவில் தலையைச் சொறிந்தார்.

மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தனலெட்சுமி தலை நிமிரவில்லை.

“பின்வரிசையில நிக்கிறாருன்னு எழுதுங்க சார்.”