டச்சப் அக்காவின் கழுத்து

காலையில் கடையைத் திறந்ததும் விளக்குக் குடைகளையும் நீலத் திரையையும் தூசி தட்டுவது டச்சப் அக்காவின் வேலை. கழுத்தில் ஆபரேஷன் ஆன பிறகு இன்றுதான் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள். அண்ணாந்தால் தையல் போட்ட இடம் இழுத்தது. எட்டினவரை தட்டிவிட்டு, உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அடுத்தவர்களின் பருவையும் மருவையும் கண்ணுக்குக் கீழே கறுப்பையும் படத்தில் அழித்து அழித்தே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தன் கழுத்தில் தைராய்டு கட்டி தலைகாட்டியபோது அதையும் அவள் விட்டுவைக்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்பிய படம் ஒவ்வொன்றிலும் கழுத்து வழவழவென்று இருந்தது. வீடியோவில் கூப்பிட்டால் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். கட்டி எப்படி வளர்ந்தது என்று பார்க்கப் பழைய போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். வீட்டில் ஆல்பம் ஆல்பமாகக் கிடந்தது; ஒன்றில்கூடக் கட்டி இல்லை.

ஊசி குத்திப் பார்த்ததில் சாதாரணக் கட்டி என்றுதான் வந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் எடுத்துவிடலாம் என்றார்கள். மகனிடம் சொன்னபோது, போன மாதப் படத்தில் ஒன்றுமே இல்லையே, சின்னதுக்கெல்லாம் ஏன் அலட்டிக்கொள்கிறாய் என்றான். லீவும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது ஸ்டூடியோக்காரரின் மனைவி.

நேற்று டாக்டர் வேறொன்று சொன்னார். எடுத்த கட்டியை அறுத்துப் பார்த்ததில் உள்ளே மிளகளவு புற்றுநோய் இருந்ததாம். யாரும் தேடிப் போகாதது, தானாக அகப்பட்டது. கட்டியோடு அதுவும் வந்துவிட்டது, இனி மாத்திரையும் அவ்வப்போது பரிசோதனையும் போதும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். தனியாகத்தான் போயிருந்தாள்; வெளியே நிற்கிறார்கள் என்று சொல்லிவைத்தாள்.

இதை மகனிடம் சொல்லியாக வேண்டும். எங்கே தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை. முதலில் கழுத்தைப் பார்க்கட்டும், வாயால் சொல்வது அப்புறம் என்று செல்போனில் தன்னைப் படமெடுத்தாள். குறுக்கே சிவப்பாகத் தழும்பு. அழிக்கப் போன விரலை இழுத்துக்கொண்டு, அப்படியே அனுப்பினாள்.

உடனே கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னம்மா, கழுத்துல அந்தக் கோட்ட கம்ப்யூட்டர்ல நீயே போட்டியா?" என்று சிரித்தான்.

"இல்லடா. நெஜம்தான்."

"சரி சரி. அதான் கட்டிய எடுத்தாச்சே, இன்னும் என்ன? மீட்டிங் இருக்கும்மா, ஞாயித்துக்கெழம பேசறேன்."

"டாக்டர் என்ன சொன்னாருன்னா..." என்று அவள் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான்.

முன்கடையில் பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்ல வந்த ஸ்டூடியோக்காரர் கதவருகே நின்றார். அவள் கையில் செல்போன் இன்னும் வெளிச்சம் அணையாமல் இருந்தது.

"பையனாக்கா? எப்ப வர்றானாம்?"

அவள் மேஜையிலிருந்த சீப்பையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி முன்கடைக்குப் போனாள்.