கோணிச் சாக்குக்குக் கீழே ஆக்சிஜன்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தானே என்று நம்பி அந்த ஆராய்ச்சியை எடுத்துத் தொலைத்தேன். அறுபதுகளின் நடுவில், திருச்சிக் கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். சாயம் வெளிச்சத்தை உறிஞ்சி ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். சும்மா கிடந்த ஆக்சிஜன் கிளர்ச்சியடைந்து, கரிம மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் பாய்ந்து பெராக்சைடு ஆக்கிவிடும். பாய்வது ஆக்சிஜன்தான், சாயமில்லை என்று நான் காட்ட வேண்டும். அதற்காகச் சாயத்தையும் கரிமப் பொருளையும் தனித்தனித் துகள்களில் ஏற்றிக் குடுவையில் போட்டேன். ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தாண்ட முடியும்.

சோதனைக்கூடத்தில் வெயில் எட்டாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் குடுவைகளை வைத்துவிட்டுக் காலையில் பஸ் பிடிப்பேன். சாயங்காலம் சோதித்தால் பெராக்சைடு மருந்துக்கும் இருக்காது. ஒரு கோடை இப்படியே போயிற்று.

"இந்த வருஷமும் வரலேன்னா தலைப்பை விட்டுடுங்கம்மா" என்றார் பேராசிரியர்.

ஒருநாள் கல்லூரியில் ஸ்ட்ரைக். மத்தியானமே திரும்பி மாடி ஏறினேன். அம்மாவின் வடாம் வெயிலில் காய்கிறது. என் குடுவைகள் மேல் கோணிச் சாக்கு!

"ஐயோ, யாரும்மா மூடினது?"

"நான்தாண்டி. டானிக் பாட்டில்லயே வெளிச்சம் படப்படாதுன்னு போட்டிருக்கான். நீ பாட்டுக்கு வெயில்ல வெச்சுட்டுப் போயிடறே. கெட்டுப்போகாம தினம் மூடி, நீ வரதுக்குள்ள எடுத்துடுவேன்."

"கெடணும்னுதாம்மா வெச்சேன்!"

கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அழக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் அம்மா கோணியைத் தொடவில்லை. காக்கை குடுவையைத் தட்டிவிடுமே என்று பகல் முழுக்கக் குச்சியோடு வெயிலில் நின்றிருக்கிறாள், தன் நிழல்கூட விழாமல் தள்ளி. சாயங்காலம் அயோடைடு கரைசலை ஊற்றியதும் பழுப்பு நிறம் படர்ந்தது; பெராக்சைடு இருக்கிறது. ஆக்சிஜன் தாண்டிப் போயிருக்கிறது.

காலையில் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் மேஜையில், கப்பலில் வந்த வெளிநாட்டுச் சஞ்சிகை விரிந்து கிடந்தது.

"இதேதாம்மா. அங்கே முடிச்சுட்டாங்க. இனிமே இதைப் புதுசுன்னு காட்ட முடியாது, வேற தலைப்புப் பாருங்க."

வீடு திரும்பினேன். முகமெல்லாம் கன்றிக் கறுத்துப்போய் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"என்னடி சொன்னார்? பட்டம் வந்துடுமோல்லியோ?"

"வந்துடும்மா" என்றேன்.