பொங்கியண்ணனுக்கு எத்தனை நிமிட நாடா?

பெருமாட்டி ஊர் ரத்தினசாமிக்குப் பாட்டில் நாட்டம் கிடையாது. கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால் எருமையை அவிழ்த்துக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் 1978ஆம் ஆண்டு தை மாதத்தில் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறி டேப் ரெக்கார்டர் வாங்கப் போனார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய பெரியப்பா மகன் பொங்கியண்ணன்.

இருவருக்கும் பொதுவில் ஒரே கிணறு, ஒரே மோட்டார். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் ரத்தினசாமியின் கடலைக்காட்டுக்கு என்று பொங்கியண்ணன் மூன்று முறை வாக்குக் கொடுத்தார். மூன்று முறையும் மறுவாரமே, "நானா? அப்படிச் சொன்னனாக்கும்?" என்று ஆகாயத்தைப் பார்த்தார். கடலையோ பூவெடுக்கும் பருவம். இன்னும் பத்து நாள் காய்ந்தால் கொடிதான் மிஞ்சும். இனி அண்ணன் சொல்லை நாடாவில் பிடித்துவிடுவதே வழி என்று ரத்தினசாமி முடிவு கட்டினார்.

"தண்ணி கேக்கப் போறீங்களா, கச்சேரி வெக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி வள்ளியாத்தாள்.

கடைக்காரர் ஆறுமுகசாமி பெட்டியோடு மூன்று கேசட்டுகளையும் எடுத்து வைத்தார்.

"பக்கத்துக்கு முப்பது நிமிசம், நாப்பத்தஞ்சு நிமிசம், ஒரு மணி நேரம். எது வேணுமுங்க?"

"பக்கம் தீந்தா?"

"டக்குன்னு பொத்தான் எந்திரிச்சுக்கும். திருப்பிப் போடோணும்."

பெட்டியை மறைத்து வைத்துவிட்டு, பேச்சின் நடுவே எழுந்து போய் எப்படித் திருப்புவது?

"அப்ப ஒரு மணி நேரமே குடுங்க."

"அது நாடா மெல்லிசுங்க. சிக்கிக்கிச்சுன்னா நூல்கண்டுதான். பேசறவரு எத்தன நேரம் பேசுவாருங்க?"

ரத்தினசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வந்தவுடன் காரியத்தைத் தொடுவது அந்த வட்டாரத்தில் மரியாதை ஆகாது. மழை, மாடு, சொந்தபந்தம், காப்பி எல்லாம் ஆன பிறகே காரியம். பொங்கியண்ணன் இவற்றில் ஒன்றையும் குறைக்காதவர். அவர் வந்து உட்கார்ந்தது முதல் காரியத்துக்கு வரும் வரை ஆகும் நேரத்தை நான்கு நாளாகக் கடிகாரம் பார்த்துக் குறித்திருந்தார் ரத்தினசாமி: முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு. எலப்புள்ளிக் கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் மட்டும் ஐம்பத்திரண்டு. இனி அடுத்த முகூர்த்தம் மாசியில்தான் என்பதால் நாற்பத்தைந்தே போதும் என்று துணிந்தார்.

அந்த வாரமே ஒருநாள் காலை எட்டேகாலுக்குப் பொங்கியண்ணன் வந்தார். பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் பெட்டி ஓடத் தொடங்கியது. மழை வராததைச் சொன்னார். நொண்டும் எருதைச் சொன்னார். தம் மனைவி செல்லாத்தாளின் அண்ணன் வீட்டு விருந்துப் பேச்சுக்கு வந்தார்.

"கஞ்சப் பயடா. அவனூட்டுக்குப் போனாக் கோழி கண்ணுக்குத் தெரியும், எலைக்கு வராது!"

கல்யாணத்தைக் கணக்கில் கொண்ட ரத்தினசாமி, மைத்துனன் விருந்தைக் கணக்கில் கொள்ளவில்லை. அது மட்டும் கால் மணி நேரம் ஓடியது. பிறகு காப்பி. கடைசியாக, "அப்புறம் ரத்தினம், அந்தத் தண்ணி விசயம்..." என்று அவர் வாயெடுக்கவும், மூட்டைக்குப் பின்னால் 'டக்' என்றது.

"என்னடா அது, எலியா?" என்று மூட்டையை நகர்த்தினார். பெட்டி அகப்பட்டுக்கொண்டது. போட்டுக் காட்டச் சொல்லிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது நானில்ல. இப்படி வளவளன்னு பேசறவன் எவன்டா?"

"நீங்க இல்லீங்களா மாமா?" என்றாள் வள்ளியாத்தாள். "அப்பச் செல்லாத்தாக்காளக் கூப்புட்டுக் கேக்கச் சொல்றனுங்க. அவங்கண்ணனப் பத்தி ஆரோ பேசறாங்க."

பொங்கியண்ணன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "தம்பி, இத அழிச்சுப் போடுடா."

"அதும் மேலயே வேற பேச்சுப் பேசோணுமுங்கண்ணா. நாப்பத்தஞ்சு நிமிசமும்."

ஒன்றும் பேசாமல் ஓடவிட்டாலும் பழையது அழிந்துவிடும் என்று ஆறுமுகசாமி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ரத்தினசாமி அதை அப்போது எடுத்துச் சொல்லவில்லை. "என்ன பேசறது?" என்று அண்ணன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

பொங்கியண்ணன் பெட்டியின் முன் குனிந்தார். "செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் தண்ணி ரத்தினத்துக்கு. சொல்றது நாந்தான், பொங்கியண்ணன்."

அத்துடன் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. எந்தச் சொந்தத்தைத் தொட்டாலும் அதையும் நாடா பிடித்துக்கொள்ளுமே!

"இன்னும் எத்தன நேரம்டா?"

"நாப்பத்து நாலு நிமிசமுங்கண்ணா."

"செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும்..." என்று மறுபடி தொடங்கினார்.

அன்றே செவ்வாய்க்கிழமை என்பது வள்ளியாத்தாளுக்குத்தான் முதலில் நினைவு வந்தது. ரத்தினசாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் புறப்பட்டார். அவர் வாசல் தாண்டும்போது, பொங்கியண்ணன் பதினேழாம் முறையாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.