ஜீப்பில் குடியிருந்த பூ

வண்டிப்பெரியாரிலிருந்து ஆனைக்கரைக்கு என்னை ஏற்றிப்போன ஜீப் ஓட்டுநரின் முன்பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. சும்மா இருக்கும்போதும் சிரிப்பதுபோலவே இருப்பார். முன்கண்ணாடியோரம், மாதா சிலையின் காலடியில், காய்ந்த வெள்ளை மலைப்பூக் கொத்து ஒன்றை வைத்திருந்தார். வளைவுக்கு வளைவு அதைப் பார்த்துக்கொள்வார். ஈரக்காற்று பட்டால் அந்தப் பூ மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும்; மூடினால் மழை வரும் என்பது அவர் கணக்கு. வண்டியின் மேலே ஏலக்காய் மூட்டைகள் இருந்தன, நனைந்தால் போச்சு.

தாவரவியல் படித்த நான் சும்மா இருப்பேனா? "இது சூரியகாந்திக் குடும்பம். வெள்ளையா இருக்கிறது இதழே இல்ல, வெறும் செதில். நடுவுல மஞ்சளா இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிப் பூ" என்றேன்.

"அப்ப எங்க எஸ்டேட் லயம் மாதிரின்னு சொல்லுங்க. ஒரே கூரை, உள்ள பத்துக் குடும்பம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, பூ வாடிக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, பாட்டில் தண்ணீரை அதன்மேல் தெளித்துவிட்டார். ஓட்டுநரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த டீக்கடை வருவதற்குள் பூ மூடிவிட்டது. அவர் வண்டியை நிறுத்தி, பளீர் வெயிலில் மூட்டைகள்மேல் படுதாவைக் கட்டத் தொடங்கினார்.

"அக்கா தண்ணி தெளிச்சதுனாலதான மூடுச்சு?" என்றேன்.

"இருக்கட்டும் சார். மூடுன பொறவு பூகிட்ட போயி காரணமா கேக்க முடியும்?"

கடைசி முடிச்சைப் போடும்போது மழை கொட்டியது.

ஆனைக்கரை வரும்வரை அவர் பூவைப் பார்க்கவே இல்லை. வளைவுக்கு வளைவு அக்காவின் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.