எது கடித்தது?

"டீச்சர், கடிச்சிடுச்சு!" என்று மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எது கடிச்சுது? யாரை? எங்க? முழுசா சொல்லு!"

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒன்பது வயதில், நானும் இப்படித்தான் ஓடினேன். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வயலில், நாற்றுக்கட்டைத் தூக்கப்போன அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. துண்டைக் கிழித்து அவள் காலில் கட்டிக்கொண்டே அப்பா கத்தினார்: "ஓடும்மா, கம்பவுண்டர இட்டுக்கினு வா!"

தண்டவாளத்தை ஒட்டியே ஓடி அவர் வாசலில் நின்றேன். "அம்மாவக் கடிச்சிடுச்சு, வாங்க!"

அந்த வாரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு வெறிநாய் நாலைந்து பேரைக் கடித்திருந்தது. கம்பவுண்டர் இட்லித் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "சோப்பு போட்டு நல்லா கழுவச் சொல்லு. நாஷ்டா துன்னுட்டு வரேன்."

நான் பார்த்த பாம்பை அவரும் பார்த்ததாகவே நினைத்திருக்கிறேன். வீட்டிலிருந்த சிவப்பு சோப்பை எடுத்துக்கொண்டு ஓடி, அம்மாவின் காலில் தேய்த்தேன். அவள் கண்கள் செருகின. வழியையே பார்த்திருந்த அப்பா சட்டென்று திரும்பினார்.

"பாம்புன்னு சொன்னியா, இல்லியா?"

கையில் நுரையோடு நின்றேன். அப்பா வரப்பில் விழுந்தடித்து ஓடினார். கம்பவுண்டர் வருவதற்குள் அம்மா போய்விட்டாள். காலில் நுரை இன்னும் காயவில்லை.

"கட்டெறும்பு டீச்சர், என் கைல..." என்று விசும்பிய சிறுமி என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "நீங்க ஏன் டீச்சர் அழுவுறீங்க?"

முப்பது வருடமாகப் பிள்ளைகளை முழுசாகச் சொல்லச் சொல்லி அதட்டுகிறவள் நான்.

"ஒன்னுமில்ல, போ" என்றேன்.