திருவாதிரைக்குக் கிடைத்த ஜோடி

2025 ஆகஸ்டு 28, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. தூறல் அப்போதுதான் விட்டிருந்தது; புழுக்கம் தாங்கவில்லை. திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. என் மகளைப் பெண் பார்க்கப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள்.

மகளுக்கு முப்பத்திரண்டு வயது. இதற்குமுன் ஒன்பது இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு மாதமாகப் போனில் பேசி, இருவருக்கும் பிடித்துவிட்டது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று அவர்கள் ஜோசியரே சொல்லியிருந்தார். பெரியவர்கள் தலையாட்டினால் ஆவணியிலேயே நிச்சயம்.

டிபன் முடிந்ததும் பையனின் அம்மா கேட்டார்: "பொண்ணு திருவாதிரைங்களாமே? அந்த நட்சத்திரம் மங்கிப்போச்சு, வெடிக்கப் போவுதுன்னு போன்ல வந்துச்சே?"

பயத்தைப் போக்கத்தான் வாயைத் திறந்தேன். ஐந்தாறு வருடத்துக்கு முன் அது மங்கியது உண்மை. ஆனால் அணையவில்லை, அதுவே கக்கிய தூசி அதை மறைத்தது. தூசி கலைந்ததும் பழையபடி ஒளிர்கிறது என்றேன். அந்த அம்மாள் முகம் தெளிந்தது. அதோடு விட்டிருக்கலாம். அதன் ஒளி ஏறி இறங்குவதைக் கணக்குப் போட்டவர்கள், பக்கத்தில் இன்னொரு சின்ன நட்சத்திரம் சுற்ற வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பெரிய தொலைநோக்கியில் அதைப் பார்த்தேவிட்டதாகப் போன மாதம்தான் படித்திருந்தேன். ஆறு வருடத்துக்கு ஒரு சுற்று. அதையும் சொன்னேன்.

"அப்ப ஜோடியாத்தான் இருக்குன்னு சொல்லுங்க!" என்றார் பையனின் தாய்மாமன். கூடமே சிரித்தது. உள்ளே என் மகள் சிரித்ததும் கேட்டது.

"அந்தச் சின்னது கடைசி வரைக்கும் கூடவே சுத்துமாங்க?" என்றார் அவரே.

அடுக்களை வாசலிலிருந்து என் மனைவி கண்ணைக் காட்டினாள். பார்த்தேன். ஆனால் முப்பத்தோரு வருடம் கணக்கராக இருந்தவனுக்குக் கூட்டலைப் பாதியில் நிறுத்த வராது.

"இல்லீங்க. நெருங்கிக்கிட்டே வந்து, பெரிசு அதை முழுங்கிடும்னு சொல்றாங்க."

அந்த அம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"உடனே இல்லீங்க. பத்தாயிரம் வருஷத்துக்குள்ள" என்றேன்.

"எங்க புள்ளைக்கு அறுபது வருஷம் இருந்தாப் போதுங்க" என்றார் அந்த அம்மாள்.

கொண்டுவந்த பூவும் பழமும் வேனிலேயே திரும்பிப் போயின. சாயங்காலம் தரகர் போன் செய்தார்: ஜாதகம் சரியாக அமையவில்லையாம். எட்டுப் பொருத்தமும் ஆறு மணி நேரத்தில் எங்கே போயிற்று என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அம்மா பேச்சை மீற முடியாது என்று மூன்றாம் நாள் சொன்னானாம் பையன்.

மகள் என்னைத் திட்டவில்லை. "நீங்க பொய் ஒண்ணும் சொல்லலப்பா. ஆனா அவரு மாமா கேட்டது நட்சத்திரத்தப் பத்தியாப்பா?" என்றாள். "இனிமே யாரையும் வரச் சொல்லாதீங்க."

ஐந்நூறு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது அது. என் மகள் பிறந்தபோது நிலா அந்தப் பக்கமாக இருந்தது. அதற்கும் இவளுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். மார்கழியில் திருவாதிரைக் களி கிண்டினோம். சாயங்காலம் கிழக்கே அது சிவப்பாக ஏறியபோது வாசலில் நான் மட்டும் நின்றேன். உண்மையை யாரிடம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அன்றைக்கு ஆன செலவில் என்னால் எழுத முடிந்தது, டிபன், பூ, தரகர் பஸ் காசு சேர்த்து, நாலாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.