ஞானேஸ்வரனின் முப்பத்தோராம் நாள்

தான் செத்துப்போன செய்தி ஞானேஸ்வரனுக்குக் கிழக்கு லண்டனின் மனோர் பார்க் பகுதியில், ஒரு பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் தெரியவந்தது.

கல்லாவில் இருந்த சுவர்ணா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த சில்லறை நிலமெல்லாம் சிதறியது. அவள் குனியவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“என்ன தங்கச்சி, சுகமில்லையோ?”

“அண்ணை… உங்கடை முப்பத்தொண்டுக்கு நான் வந்து சாப்பிட்டனானெல்லோ!”

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியையை வைத்து இப்படியும் ஒருத்தி பகிடி விடுவாளா என்று அவருக்குக் கோபம் வந்தது. அவள் விரலால் கதவைக் காட்டினாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் அவருடைய முகம். சூரிச்சில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பாம். தகனமும் அங்கேயே முடிந்துவிட்டதாம். படம் எது தெரியுமா? வேலைக்குச் சேர்ந்தபோது கம்பனிக் கோப்புக்கென்று அவரே எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட் படம்.

ஐம்பத்தெட்டு வயது மனிதர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். சூரிச்சில் உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு லண்டன் வந்து, வாமதேவனின் மொத்த வியாபாரக் கம்பனியில் பதினான்கு வருடம் கடைகளுக்கு ஓடர் எடுத்தவர். எந்தக் கடைக்கு எந்த அரிசி, எந்த முதலாளிக்கு எந்த நாளில் முன்கோபம், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். கடைக்காரர்கள் கம்பனியிடம் வாங்கவில்லை, ஞானண்ணையிடம்தான் வாங்கினார்கள். அதுவே வினையாயிற்று. அந்த வேலையைத் தன் மச்சானுக்குக் கொடுக்க நினைத்த வாமதேவன், ஒரு வெள்ளிக்கிழமை காரணமும் சொல்லாமல் கடிதமும் கொடுக்காமல் அவரை நிறுத்தினான். கம்பனி போனையும் வாங்கி வைத்துக்கொண்டான். நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் கடைகளெல்லாம் அவர் பின்னாலேயே போய்விடும். செத்தவர் பின்னால் யார் போவார்கள்? கடைகடையாக ஏறி இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணை மோசம் போயிட்டார்” என்றிருக்கிறான், படுபாவி! இல்ஃபோர்ட்டில் மண்டபம் எடுத்து அறுபது பேருக்குச் சாப்பாடும் போட்டிருக்கிறான்.

இதில் ஞானேஸ்வரனின் பங்கும் உண்டு, மறைப்பானேன். வேலை போன வெட்கத்தில் இரண்டு மாதம் ஒருவர் முகத்திலும் முழிக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தார். ஒரு பொய் வளர்ந்து ஆளாவதற்கு அவ்வளவு காலம் தாராளம்.

அன்று அவர் இல்ஃபோர்ட் வரைக்கும் நடந்தார். ஏழு கடைகளில் செத்திருந்தார். ஒரு கடையில் படத்தின் கீழே வாடாத செவ்வந்திப் பூ. அன்று காலையில்தான் யாரோ வைத்திருக்கிறார்கள். எதிரே வந்த தெரிந்த முகமொன்று சட்டென்று வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறி, தனக்கு நன்றாகத் தெரிந்த தரிப்பிடத்தைச் சாரதியிடம் விசாரித்தார். யாராவது தனக்கு ஒரு மறுமொழி சொன்னால் போதும் போலிருந்தது. சாரதி திரும்பவேயில்லை. கண்ணாடிக்கு அப்பால் கேட்கவில்லையோ என்னவோ, இவருக்கு முதுகு சில்லிட்டது.

இலவச ஆலோசனை நிலையத்தில் இருந்த வழக்கறிஞர் துஷ்யா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எனக்குக் காசு வேண்டாம் பிள்ளை. அவனைத் தண்டிக்க வேணும்.”

“அங்கிள், தொழில் தீர்ப்பாயம் உங்கடை சம்பள நட்டத்தை நிரப்பும். உங்கடை மாதிரிக் கேசிலை தண்டிக்கிறதுக்கெண்டு நட்டஈடு தராது. எவ்வளவு கேவலமா நிப்பாட்டினாலும் அந்தக் கேவலத்துக்குச் சட்டத்திலை விலை இல்லை.”

“உயிரோடை இருக்கிறவனுக்குச் செத்தவீடு செய்ததுக்குமோ?”

“அதுக்கும்தான்.” அவள் சற்று யோசித்தாள். “ஒண்டு மட்டும் இருக்கு. உங்களைத் திருப்பி வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். தீர்ப்பாயம் உத்தரவு போட்டு அவர் மறுத்தால், அதுக்கெண்டு மேலதிகமாக் கட்ட வேணும். தண்டனைக்குக் கிட்ட வாறது அதுதான். ஆனால் நீங்கள் உண்மையா அங்கை போக ஓமெண்டு சம்மதிக்க வேணும்.”

செத்த இடத்துக்குத் திரும்பிப் போவதா! ஆனாலும் ஓம் என்றார்.

விசாரணை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வாமதேவனிடம் காரணமும் இல்லை, காகிதமும் இல்லை. மரண அறிவித்தலை மொழிபெயர்த்துக் கேட்ட நீதிபதி அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அருவருப்பான செயல் என்றார். ஆனால் தன்னால் இழப்பைத்தான் ஈடுசெய்ய முடியும் என்று சொல்லி, அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்படி உத்தரவு போட்டார். வாமதேவன் மறுப்பான், மறுத்துவிட்டுக் காசைக் கட்டி அழுவான் என்றுதான் ஞானேஸ்வரன் நம்பியிருந்தார். அவனோ எடுக்கிறேன் என்றான். போச்சு, எல்லாம் போச்சு! சட்டம் கொடுத்த ஒரே தடியும் கையை விட்டுப் போனது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் களஞ்சியத்துக்குள் நுழைந்தபோது பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது. அவருக்கென்று ஒரு மூலையில் மேசை போட்டிருந்தார்கள். வாமதேவன் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். ஆள் பாதியாக வற்றியிருந்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் மச்சானிடம் சொல்லி அனுப்பினான். அவர் எழுந்து நடந்தால் ஒதுங்கி வழிவிட்டான், நிழல்கூடப் படாத அளவுக்கு.

நான்காம் நாள் மத்தியானம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குளிரறை இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. வாமதேவன் மெல்ல மெல்ல வந்து மேசைக்கு முன்னால் நின்றான்.

“அண்ணை, சனம் நம்பவேணுமெண்டு எல்லாம் முறைப்படி செய்தனான். தர்ப்பை போட்டு, உங்கடை பேரைச் சொல்லி, எள்ளும் தண்ணியும் இறைச்சனான். அண்டையிலிருந்து எனக்குக் கண் மூட ஏலாமல் கிடக்கு. மூடினால் வந்து நிக்கிறியள். இப்ப முழிச்சிருக்கேக்கையும் நிக்கிறியள். ஒருக்கால் சொல்லுங்கோ. நீங்கள் உயிரோடைதானே இருக்கிறியள்?”

ஓம் என்ற ஒரு சொல் போதும், அவன் இரவு நிம்மதியாகப் படுப்பான். அந்தச் சொல் ஞானேஸ்வரனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல், அவனையே பார்த்தபடி இருந்தார்.